கோபம் என்று சொல்லிவிட்டேன்

கிண்ணியாப் பாலத்துக்குப் பின்னேரங்களில் சனம் காற்று வாங்க வரும். பிள்ளைகளை ஓரமாக நிறுத்திப் படம் எடுப்பார்கள், கச்சான் கொறிப்பார்கள், தூண்டில் போடுவார்கள். ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, மற்றப் பக்கம் தம்பலகாமக்குடா. முன்பு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதப்புப் பாதைக்காக வெயிலில் காத்துக் கிடந்து கடந்த இடம் என்பதால், அந்தப் பாலத்தைப் பற்றிப் பெருமை பேசாதவர்கள் இங்கே குறைவு. என்னால் அதைக் கடக்க முடியாது. எட்டு வருடமாக முடியவில்லை.

நான் திருகோணமலை நகரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். பதினோராம் வகுப்புக்கு வருடா வருடம் சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி மாதிரி அதிரீனல் சுரப்பியைக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் காயும், பாடமாக்குங்கோ, சோதினைக்கு வரும் என்று சொல்கிறேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு மண்ணும் நடக்கவில்லை.

முதல் தடவை அது வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் தங்கச்சி மூதூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவள் கட்டித் தந்த மீன் கட்லட் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் எதுவுமே நடக்கவில்லை. பஸ் குலுங்கவில்லை, காற்றும் இல்லை. திடீரென்று நெஞ்சு அடைத்தது. இந்தப் பஸ் சரியப் போகிறது, அதற்கு முதல் நானே கதவால் குதிக்கப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. முன் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஹாஜியார், "என்ன சேர், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. பாலம் முடிந்தது, அதுவும் முடிந்தது. பஸ் கடக்க ஒரு நிமிடம்கூட எடுக்காத தூரம். இறங்கி வீட்டுக்கு நடக்கையில் என் மீது எனக்கே அருவருப்பாக இருந்தது.

கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவர்கள் அலைச் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். செல் விழுந்ததைக் கண்டவர்கள் வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். அதற்கெல்லாம் இங்கே மரியாதை உண்டு. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. கடல் வந்த அன்று நான் கண்டியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சண்டைக் காலத்தில் ஆட்டம் காணும் வள்ளத்தில் பகிடி விட்டுக்கொண்டு மூதூர் போய் வந்தவன். பயப்பட வேண்டிய நேரத்திலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, சமாதானத்தில், நல்ல சீமெந்துப் பாலத்துக்குப் பயப்படுகிறேன். இப்போது வள்ளத்தை நினைத்தாலும், சுற்றுப் பாதையில் உள்ள பாலங்களை நினைத்தாலும் அதே நெஞ்சடைப்புத்தான். இதை யாரிடம் சொல்வது?

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். எங்கள் ஆட்களில் கலியாணம் என்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, இருந்து, கையில் கலியாண அழைப்புக் காட் தந்து சொல்ல வேண்டும். தங்கச்சி வேலைக் களைப்பில், மூதூரிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகும் ஒரு ரீச்சரிடம் அந்தக் காட்டைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். சத்தியமாக எனக்கு மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் "அண்ணா, வெள்ளனவே வந்திடுங்கோ" என்றதும் பாலம்தான் கண்ணுக்குள் வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"வீட்ட வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் என்னெண்டு வாறது?"

பயந்தவனை எவரும் மதிக்கமாட்டார்கள். கோபித்துக்கொண்ட தாய்மாமனை ஊரே மதிக்கும். அடுத்த ஞாயிறே இருவரும் வந்துவிட்டார்கள். தங்கச்சி கதிரையில் இருக்காமல் நின்றபடியே அழுதாள். அவளுடைய மனுசன் என் இரண்டு கையையும் பிடித்து, "பிழை எங்களிலதான் மச்சான், மனசில வையாதேங்கோ" என்றார். தங்கமான மனிதர், ஒரு பிழையும் செய்யாதவர். அப்போது வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீவியைப் பார்த்தேன். என்னைப் போல ஒரு கோழை இந்தத் துறைமுகப் பக்கத்தில் இருக்க மாட்டான்.

கலியாணத்துக்கு நான் போகவில்லை. அதன் பிறகு அந்தக் கோபம் தானாகவே வளர்ந்துகொண்டது. நாங்கள் 'கோபம்' என்று இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்துவிட்டது. உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. "வகுப்பில நிண்டு சத்தம் போட்டா ஸ்கூலே நடுங்குது. தங்கச்சியிட்ட ஒரு வசனம் சொல்ல ஏலாதோ?" என்பாள். அவளுடைய கரைச்சலுக்காக ஒரு டொக்டரிடம் போனேன். குளிசை தந்தார். ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குத் துண்டும் தந்தார், அங்கே சொல்லித் தருகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பாலத்துக்குப் பழகினால் மாறும் என்றார். அந்த வரிசையில் என் மாணவர்களின் தாய் தகப்பன் யாராவது நிற்பார்கள் என்று நினைத்துத் துண்டைப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

போன தவக்காலத்தில் ஒரு விடியக்காலை தங்கச்சியின் மனுசன் நெஞ்சு வலித்துச் செத்துப்போனார்.

செத்தவீட்டுக்கு யாரும் சொல்லி அழைப்பதில்லை. இருபது வருடம் முகம் பார்க்காதவர்களும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அத்தோடு கோபம் சரி, பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அதற்கும் வராதவனோடு பிறகு ஒன்றும் இல்லை. எனக்கு இது கடைசிச் சந்தர்ப்பம் என்று தெரிந்தது. குளிசையைப் போட்டுக்கொண்டு மறுநாள் மனைவியோடு ஓட்டோவில் ஏறினேன். சீனக்குடா வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. செபமாலைகூடச் சொன்னேன்.

பாலம் தெரிந்ததும் நிற்பாட்டச் சொன்னேன். நடந்து போகலாம் என்று முயன்றேன். கீழே மண் முடிந்து தண்ணீர் தொடங்கிய இடத்தில் கால் நின்றுவிட்டது. ஓரமாகச் சத்தி எடுத்தேன். மனைவி என்னைத் திரும்ப ஏற்றி, "கண்ணை மூடிக்கொண்டு என்ர மடியில படுங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்" என்றாள். ஓட்டோ நகர்ந்தது. நான் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தேன். முழங்கால் உரசிக் கிழிந்தது. போகிற வருகிற சனம் பார்த்தது.

அடக்கம் மூன்று மணிக்கு. இனி நின்று பிரயோசனமில்லை.

"அங்க போய் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று மனைவி கேட்டாள்.

"கோபம் எண்டு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். "செத்த மனுசனோடயோ?"

அவள் ஓட்டோவில் ஏறிப் போனாள். பின்னேரம் அவள் திரும்பி வரும் வரை பாலத்தடித் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்தேன். மூன்று மணிக்கு, செத்தவருக்கான செபத்தைச் சொல்லத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன். அந்த ஆளுக்குச் செபம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அங்கே நடந்ததை மனைவி இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். பெட்டியை மூட விடாமல் தங்கச்சி, "அண்ணா வரட்டும், அண்ணா வருவார்" என்று அரை மணித்தியாலம் மறித்து வைத்திருந்தாளாம். பாதர் மணிக்கூட்டைப் பார்த்தாராம். கடைசியில் என் மனைவி அவளுடைய காதுக்குள் நான் சொல்லிவிட்டதைச் சொன்னாளாம். தங்கச்சி பெட்டியை விட்டு விலகினாளாம். மூடச் சொல்லிக் கையைக் காட்டினாளாம்.

அதைக் கேட்ட பிறகு நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. மரித்த விசுவாசிகளுக்கான பூசை நடக்கிற நவம்பர் மாதம், பூசை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் அவளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் முதல் வந்ததை, காட் பொய்யை, குளிசையை, ஓட்டோவில் இருந்து பாய்ந்ததை. ஐம்பது தாண்டிய மனிதன் போனில் விம்மி விம்மி அழுதேன். அவள் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"அண்ணா," என்றாள். "உங்களுக்குக் கோபம் எண்டு நினைச்சு நாங்கள் ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் மன்றாடினனாங்கள். தன்னிலதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டே அவர் போயிட்டார்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பாலத்துக்கோ பயந்தனீங்கள்?"

"ஓம்."

"கோபம் எண்டால் என்னால மன்னிக்க ஏலும், அண்ணா. இதை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அதன் பிறகு அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது.