மாமா தனக்குத்தானே போட்ட மார்க்

எங்கள் மாமாவுக்குக் கல்லூரியில் வைத்த பெயர் சிவப்பு மை. என் அக்காவைக் கட்டிக்கொண்டதால் எனக்கு மாமா. மண்ணியல் பாடம் நடத்தியதால் ஊருக்குப் பேராசிரியர். கல்யாணப் பத்திரிகை வந்தால் யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்பே பிழைகளைச் சுழித்துவிடுவார். டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டில் "கையெழுத்து மோசம்" என்று எழுதி, அதை டாக்டரிடமே நீட்டியவர். அக்கா சமையலுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் போட்டதில்லை. அவள் கரண்டியோடு வந்து நின்ற அன்று மட்டும் அறுபது.

ஓய்வு பெற்ற பிறகு திருத்த விடைத்தாள் இல்லாமல் மனிதர் இளைத்துத் துரும்பாய்ப் போனார். அப்போதுதான் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பேராசிரியர்களின் பாடக் குறிப்பு, கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் வாங்கிப் பாதுகாப்பது அவர் வேலை.

"சார், உங்க பேப்பர் எல்லாத்தையும் எங்களுக்குத் தரணும். எப்படி இருக்கோ அப்படியே. அடுக்கக்கூட வேண்டாம்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு அதைவிடச் சந்தோஷம். பேப்பர் அடைத்துக்கிடந்த பின்னறையில் இனி கட்டில் போடலாம். "தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. வேணும்னா இவரையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அப்படியே கொடுக்கிற ஆளா அவர்? அன்றே பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். இளவயதில் எழுதிய கட்டுரைகளை விரித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஓரமெல்லாம் சிவப்பு: "ஆதாரம் எங்கே?", "வளவளப்பு", "இது பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியும்". ஒவ்வொன்றின் மூலையிலும் வட்டம் போட்டு மார்க்.

"என்ன மாமா இது?"

"சும்மா இருடா. எவனாவது வந்து தப்பு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே கண்டுபிடிச்சிடறேன்."

கல்யாணத்துக்கு முன் அக்காவுக்கு எழுதிய கடிதமும் தப்பவில்லை. "உணர்ச்சி அதிகம், தெளிவு குறைவு. முப்பது." அதை அக்கா பார்த்துத் தொலைத்தாள்.

"இந்த லெட்டர நம்பித்தானே உங்களக் கட்டிக்கிட்டேன்! இத்தனை வருஷம் கழிச்சு ஃபெயில்னு சொல்றீங்க?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். காப்பகத்து வண்டி வரவேண்டிய நாள் காலையில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மாமா மடியில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு கிடந்தது. மேலே முப்பத்திரண்டு என்று போட்டிருந்தார். பாஸ் மார்க்குக்கு மூன்று குறைவு. ஊற்றி வைத்த காபியைத் தொடவில்லை.

"எதையும் தரப்போறதில்லடா. மொத்தமும் ஃபெயில். இதப் போயி பல்கலைக்கழகத்துல வைக்கறதா? எடைக்குப் போட்டுடலாம்."

விளையாட்டுப் பேச்சில்லை. எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. பழைய பேப்பர்காரருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மனிதனின் மொத்த உழைப்பும் தராசில் ஏறப்போகிறது.

காப்பகத்து அம்மா பெட்டிகளோடும் பழைய பேப்பர்காரர் தராசோடும் ஒரே நேரத்தில் படியேறி வந்தார்கள். அந்த அம்மா மேலிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சார்! அப்படியே குடுங்கன்னுதானே சொன்னேன்!"

"அப்ப எனக்குத்தானே?" என்று பேப்பர்காரர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டார். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்று மாமாவைக் கேட்டாள்.

"ஏங்க, காலேஜ்ல சொந்தக்காரங்க பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தொடமாட்டேன். வேற ஆளுக்கு அனுப்பிடுவேன். அது விதி."

"சொந்தக்காரன் பேப்பரையே தொடக்கூடாதுன்னா, சொந்தப் பேப்பரைத் திருத்தலாமா? செல்லாது! நீங்க போட்ட மார்க் ஒண்ணுகூடச் செல்லாது!"

மாமா பெண்டாட்டியை எதிர்த்துப் பேசுவார். விதியை எதிர்த்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. காப்பகத்து அம்மாவிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"சரி, அங்க யாரு திருத்துவாங்க?"

"யாரும் திருத்தமாட்டாங்க சார். படிப்பாங்க."

மாமாவுக்குப் பிடிபடவில்லை. "திருத்தாம எப்படிம்மா படிக்கறது?"

"சும்மா படிப்பாங்க சார். அந்தக் காலத்துல ஒருத்தர் என்ன யோசிச்சார், எங்க தடுமாறினார்னு தெரிஞ்சுக்க."

அக்காவைத் தவிர, மாமா எழுதியதை மார்க் போடாமல் யாரும் படித்ததில்லை. அவரும் யாருடையதையும் அப்படிப் படித்ததில்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது, அவர்மேல் சொல்லமுடியாத பாசம் வந்தது.

"சும்மாவா?" என்று மறுபடியும் கேட்டார். அந்த அம்மா தலையாட்டினார்.

மாமா எழுந்துபோய், பேப்பர்காரர் கையிலிருந்த கட்டை வாங்கினார். ஓரத்தில் மடங்கியிருந்த தாளை விரலால் நீவிவிட்டு, அதை இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் கொடுத்தார்.