கட்டைத் துளிர்

சோளம் அறுத்த கட்டையிலிருந்து கிளம்பும் இளந்துளிரைக் கண்டால் இன்றைக்கும் என் கை சும்மா இருக்காது. பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் நகர்வேன். கணுக்கால் உயரம்தான் இருக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. பஸ்ஸில் போகும்போது யார் யாருடைய புஞ்சையிலோ அதைப் பார்த்துவிட்டால்கூட இறங்கிவிடலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நான் சங்கரன்கோவிலில் அறிவியல் டீச்சர். குருவிகுளம் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. விதைப்பு, அறுப்பு எல்லாம் ஆள் விட்டுத்தான். கோடையில் கிடைக்காரர் தன் செம்மறிகளோடு வந்து நாலைந்து நாள் ராத்திரி அவற்றை அங்கேயே படுக்க விட்டுக் கிடை போடுவார். ஆடுகள் படுத்துக் கிடந்த இடத்தில் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த வெள்ளாமைக்கு வேறு உரம் வேண்டியதில்லை. அவர் தனியாகவும் வரமாட்டார். ஆட்டு முதுகில் கரிச்சான் குருவி உட்கார்ந்து வரும். குளம்படிக்குத் தப்பித் துள்ளும் வெட்டுக்கிளியைக் கொத்த உண்ணிக்கொக்கு வரும். விடிந்ததும் புழுக்கையை உருட்ட வண்டு வந்துவிடும். "நான் எங்கன ஆடு மேய்க்கேன் டீச்சர், ஒரு ஊரையே இழுத்துட்டுல்லா அலையுதேன்" என்பார். இதையேதான் நானும் வகுப்பில் உணவுச் சங்கிலி என்று கரும்பலகை நிறைய அம்புக்குறி போட்டு நடத்திக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் புஞ்சைக்காரருக்குப் போன் போட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கட்டை துளுத்திருக்கா?" மழை பட்டுத் துளிர்த்து, பிறகு தண்ணீர் கிடைக்காமல் வாடுகிற சோளக் குருத்து தனக்குள் நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வளர்ந்து கதிர் வந்த பிறகு அதே சோளம் ஆட்டுக்கு நல்ல தீனி. பிஞ்சில் மட்டும் எமன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் புஞ்சையில் போய் நின்று பார்க்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கூப்பிட்டபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். புஞ்சைப் பக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு பொட்டு மழை கிடையாது. "எல்லாம் காஞ்சு கெடக்கு அண்ணாச்சி, தாராளமா வாங்க" என்றேன். கோடை மழையில் மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அது குருவிகுளத்தில் மட்டும் பெய்திருந்தது எனக்குத் தெரியாது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் போய் இறங்கவும் கிடை வந்து சேரவும் சரியாக இருந்தது. பகல் முழுக்க நடந்து வந்த பசி. பொழுது சாயும் நேரம், நல்ல தூசி, காலடியில் என்ன முளைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆடுகள் குனிந்தது குனிந்தபடி மேய்ந்தன. அரை மணி நேரத்தில் ஒரு ஆடு நடுங்கி, வாயில் நுரை தள்ளி விழுந்தது. அடுத்தது. கிடைக்காரர் ஒரு கை துளிரைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் நானும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மிச்ச ஆடுகளை உடைமரத்துப் பக்கம் விரட்டினோம். மாட்டு டாக்டர் ஊசியோடு வருவதற்குள் ஏழு ஆடுகள் போய்விட்டன. கடைசியில் விழுந்தது சினை ஆடு. அவர் அதன் தலையை மடியில் வைத்துக் கருப்பட்டித் தண்ணீரைப் புகட்டினார். புகட்டியது கடைவாய் வழியே அவர் வேட்டியில் வழிந்தது.

"பாத்துட்டுத்தான சொன்னீய, டீச்சர்?"

"ஆமா, அண்ணாச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்ப ஒரே நாள்ல துளுத்துட்டு போல" என்றார்.

கணுக்கால் உயரத் துளிர் ஒரு நாளில் வராது என்பது எனக்குத் தெரியாதா? இருந்தும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நம்பிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமும் போன் வந்தது, அதே கேள்வி. நான் வெயிலில் ஓடிப் போய் நாலு ஏக்கரையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும், சொன்னதில்லை. அவமானம்தான், வேறென்ன.

இந்தக் கோடையில் அவருக்கு முட்டிவலி, நடக்க முடியவில்லை. அவர் தம்பிதான் போனில் கேட்டார். நான் புஞ்சையிலேயே நின்று பார்த்து, "துளிர் இல்ல, வாங்க" என்றேன். மறுநாள் கிடை வருகிறதா என்று பார்க்கப் போனால், ஆடு ஒன்றுகூட இல்லாமல் கையில் கம்போடு அந்தத் தம்பி மட்டும் வரப்பில் நின்றார்.

"நான்தான் பாத்துட்டுச் சொன்னேனே" என்றேன்.

அவர் சங்கடத்தோடு சிரித்தார். "அண்ணன் சொல்லித்தான் விட்டாரு, டீச்சர். அவங்கட்ட மரியாதைக்கு ஒரு வார்த்த கேளு, கேட்டுட்டு நீ போயி உன் கண்ணால பாருன்னாரு. அந்த ஏழு ஆடு போனதுலேருந்து அவரும் அப்படித்தான். முந்துன நாளே தனியா வந்து பாத்துட்டுப் போயிருவாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையசைத்தேன். அவர் கட்டை கட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே என் பக்கம் வந்தார். நான் ஒதுங்கி வழி விட்டேன்.