கார் கதவிலிருந்து படிக்கட்டு வரை

எழுபதுகளில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஒரு தகரக் கொட்டகையில், நானும் என் வீட்டுக்காரரும் கேஸ்கெட் வெட்டிக்கொண்டிருந்தோம். பம்பு மூட்டில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க வைக்கிற ரப்பர் வளையம். சரக்கு சுத்தம், வாங்கத்தான் ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பம்பு கம்பெனி வந்திருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கொட்டகை நிற்கும். இல்லாவிட்டால் பூட்டவேண்டியதுதான்.

அங்கே பர்ச்சேஸ் அதிகாரி யாரையும் உட்காரவைத்துப் பேசமாட்டார். காரை விட்டு இறங்கி மாடிப்படிக்குப் போவதற்குள், கூடவே நடந்துகொண்டு சொல்லவேண்டும். படியில் கால் வைத்துவிட்டால் தீர்ந்தது. நானே பேசியிருப்பேன். பொம்பளை பேசினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டான்.

என் வீட்டுக்காரரோ திருவாலங்காட்டில் அவருடைய அப்பா நிலம் விற்ற கதையிலிருந்து ஆரம்பிப்பார். போதாததற்குத் திக்குவாய். என்னிடம் பேசும்போது சுத்தமாக வரும். வெளியாள் முன்னால் 'க'வில் தொடங்கும் சொல் வந்தால் போச்சு.

"உங்க அப்பா கதை அந்தாளுக்கு இன்னாத்துக்கு? அவுருக்கு பம்பு ஒழுவுது. அத்த மட்டும் பேசுங்க" என்றேன்.

வெட்டி வெட்டி மூன்றே வரியாக்கினேன். 'இது ஒழுகாது சார். ஒழுகினா மொத்த சரக்கையும் திருப்பி எடுத்துக்கறோம். ஒரு பம்புல போட்டுப் பாருங்க.' சரக்கின் பெயரே வராது, உள்ளங்கையில் வைத்து நீட்டினால் போதும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனோம். நான் கேட் ஓரமாக நின்றேன். மூன்று வரியையும் பிசகாமல் சொல்லிவிட்டார். அதிகாரி நின்றார்.

"இதுன்னா எது? இதுக்குப் பேர் இல்லையா?"

"கே... கே..."

கழுத்து நரம்பு புடைத்தது. எவனுக்கும் நிற்காத அந்த ஆள் அன்றைக்கு நின்று நிதானமாகப் பார்த்தான். டிரைவரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தான். சொல் ஒருவழியாக வந்து விழுந்ததும் முதுகில் தட்டினான்.

"ஆர்டர் உனக்குத்தான். மாசாமாசம் நீயே நேர்ல வந்து, இதே மாதிரி சொல்லிட்டு வாங்கிட்டுப் போ."

அப்புறம் ஒவ்வொரு மாதமும் அவன் பக்கத்தில் விருந்தாளிகள் நின்றார்கள். "எங்க, சொல்லு பார்க்கலாம்" என்பான். சிலர் சிரித்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். பாழாய்ப்போனவன். அவன் வாயில் மண் விழ என்று இன்றைக்கும் என் மனசு சபிக்கிறது. ஆர்டரை மட்டும் நாங்கள் விடவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வாயை அசைத்து அசைத்துப் பழகினார். ஒரு மாதம், "கேஸ்கெட் சார்" என்று தண்ணீராக வந்துவிட்டது. விருந்தாளிகள் தலையாட்டினார்கள். அதிகாரியின் முகம் தொங்கிவிட்டது. அதை இவர் கவனிக்கவே இல்லை. எப்போதும் டிக்கெட் நான்தான் வாங்குவேன். அன்றைக்குக் கண்டக்டரிடம், "காக்களூர் ரெண்டு" என்று அவரே கேட்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

அடுத்த மாதம் ஆர்டர் இல்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி படியேறிவிட்டான். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

"சரக்குல இன்னா கொற? நல்லாத்தான சொன்னேன்?" என்று கேட்டார்.

"நல்லா சொன்னதுதான் கொற. அடுத்த தபா திக்கிச் சொல்லுங்க."

கொட்டகையில் மிஷின் ஓடாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு என்ன சொல்வது? அவர் என்னைப் பார்த்தார்.

அடுத்த மாதம் போனார், கார் அருகில் நின்றார், திக்கினார். நடிப்பா, நிஜமா என்று கேட் ஓரமாக நின்ற எனக்கே தெரியவில்லை. அதிகாரி மறுபடி டிரைவரைக் கூப்பிட்டான்.

ஆர்டர் கைக்கு வந்தது. வெளியே வந்து அதை என்னிடம் சொல்ல வாயெடுத்தார். 'கெடச்சிட்ச்சி' என்கிற ஒரு சொல்தான். அது வரவில்லை. அன்றிலிருந்து என்னிடமும் அவருக்குத் திக்கியது.