என் வாசல் குழிக்கு ஒரு சாலை வரி

பெட்ரோல் பங்கில் திட்டுகிறவன் ரெண்டு நிமிஷத்தில் போய்விடுவான். சார்ஜிங் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து திட்டுவான். பில் நீட்டிப் பிழைக்கிற சகல ஜீவன்களுக்கும் என் பாடு புரியும். நாகர்கோவில்காரி நான். திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பக்கம் ஒரு சந்துக்குள் கரண்ட் வண்டிகளுக்கு நாலு சார்ஜர் வைத்து நடத்துகிறேன். வாசலில் ஒரு குழி. சார்ஜ் பில்லில் அரசாங்கம் புதிதாகச் சேர்த்த ஒரு சாலை வரி. ரெண்டும் சேர்ந்து என் கடையை மூடாமல் ஓயாது போலிருக்கிறது, கேட்டியளா.

முதல் பில்

ஆட்டோக்கார சுகுமாரன் அண்ணன் தினமும் வருகிறவர். வரி வந்த அன்றைக்குப் பில்லை ரெண்டு தடவை படித்தார். பிறகு தண்ணீர் தளும்பிய வாசல் குழியைப் பார்த்தார்.

"அரசாங்கம் கேக்குது அண்ணே. நான் வாங்கிக் கட்டுகவதான்" என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"வரி தராம் சேச்சி. அந்த ரோடு எவிடன்னு மட்டும் காட்டு."

வலியசாலை மூளை

வலியசாலை அக்ரகாரத்து ஆடிட்டர் மாமா புதுக் கரண்ட் கார் வாங்கி என்னிடம்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். வரி வந்ததும் ஆளைக் காணோம். ஒருநாள் நடந்தே வந்தார், என் கையெழுத்து வாங்க, கையில் குழியைப் பற்றிக் கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு. வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, வரியில்லாமல் சார்ஜ் போடுகிறாராம். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு, "அப்போ ரோட்டுக்கு நீங்க ஒண்ணும் கட்டலியே மாமா?" என்றேன்.

"கட்டறதுக்கு நீங்கள்லாம் இருக்கேள். கேள்வி கேக்க ஒரு படிச்சவன் வேண்டாமோ?"

அளக்க வந்தவர்

அதற்குள் சுகுமாரன் அண்ணனின் ஆட்டோ குழியில் அடிதட்டி, அவரும் வேறு ஸ்டேஷன் பார்த்துக்கொண்டார். மூணு சார்ஜர் சும்மா கிடந்தது. பயந்துபோய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். மாமாவின் மனுவோ பிள்ளையாரோ, ஒரு இன்ஜினியர் வந்தே விட்டார். டேப் வைத்துக் குழியை நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தார். வேண்டுதல் பலித்தது என்று, கோயிலில் உடைக்கத் தேங்காயை எடுத்து வெளியே வைத்தேன்.

"இவிட வரி கலெக்‌ஷன் கொறவு சேச்சி. கூடுதல் வர்ற ரோட்டுக்குத்தான் முதல்ல ஃபண்ட்" என்றார்.

"குழி கிடக்கதுனாலதான சார் வண்டி வரல்ல?"

அவர் நிதானமாக டேப்பைச் சுருட்டினார்.

"வண்டி வராத ரோட்டுக்கு எந்தினா சேச்சி தார்?"

ஆக, ரோடு போட வரி வேணும், வரி வர வண்டி வேணும், வண்டி வர ரோடு வேணும். எதற்கும் காத்திராமல் என் தேங்காய் மட்டும் சட்னிக்குப் போயிற்று.