வலப்பக்கம் மட்டும் வாலை ஆட்டிய கார்

என் அண்ணி வெண்மதி விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய யூனிட்டில் வேலை செய்கிறார். கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் கார் ஓட்டுகிறார். இதைச் சொன்னால் என்னோடு பிளஸ் டூ படித்தவர்கள் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டிவியில் வரும் பந்தயம் மாதிரி இல்லை இது. புதுச்சேரி போகும் வழியில் ஒரு தனியார் மண் மைதானம். அங்கே பிளாஸ்டிக் கூம்புகளை நட்டிருப்பார்கள். அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து ஓட்டி முடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். மருந்துக்கடைக்காரர், பேங்க்கில் வேலை பார்ப்பவர் என்று நம்மைப் போன்ற ஆட்கள்தான் வருவார்கள். அண்ணியின் கார் ஒரு பழைய மாருதி 800. காயலான் கடைக்குப் போக இருந்ததை என் அண்ணன் ராஜா வாங்கிச் சரிசெய்து கொடுத்தார்.

அண்ணிக்கு ஓட்டுவது புதிதில்லை. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரைக் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டியவர். கரும்பு டிரெய்லர் வளைவில் எவ்வளவு சாயலாம், அதற்குமேல் ஏன் சாயக் கூடாது என்பதை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம்தான் போன போட்டியில் கார்களைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்து சொன்னார்:

"ஏம்மா, உன் காரு பரிசல் மாதிரி ஆடுது. திரும்புனா கவுந்துடும் போல இருக்குது. இதச் சரி பண்ணாம கடைசி ரவுண்டுக்கு வந்தீன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவேன்."

கடைசி ரவுண்டுக்குத் தகுதி பெற அண்ணி வருடம் முழுவதும் ஓட்டியிருந்தார்.

சாய்வதைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் ஸ்டெபிலைசர் பார். காரின் அடியில் குறுக்காகப் போகும் இரும்புக் கம்பி அது. வளைவில் கார் ஒரு பக்கம் அமுங்கும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு காரை நிமிர்த்தப் பார்க்கும். மாருதியில் முன்பக்கம் இது இருக்கிறது, பின்பக்கம் இல்லை. அண்ணனின் நண்பர் விருத்தகிரி லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் கம்பியை வளைத்து, இரண்டு முனையிலும் மும்மூன்று ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துக் கம்பியின் விறைப்பு மாறும். கடைசி ஓட்டை இளக்கம். கம்பி வளையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டை விறைப்பு.

இதை மாட்ட மட்டமான தரை வேண்டும். எங்கள் தெருவில் எல்லாம் மேடு பள்ளமான மண் தரை. அதனால் முதலாளியிடம் கேட்டு, யூனிட்டில் களிமண்ணை அச்சில் ஊற்றும் வார்ப்புக் கொட்டகையில் காரை நிறுத்தினோம். சிமெண்டுத் தரை. அண்ணி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுகிறவரின் எடையும் காரில் இருக்கும்போதுதான் கம்பியை மாட்ட வேண்டும். முனைகளைக் காரோடு இணைக்கும் லிங்க் ராடுகளின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்து, போல்ட்டை விரலால் தள்ளினாலே உள்ளே போகிற மாதிரி வைக்க வேண்டும். சுத்தியலால் அடித்துப் போட்டால், கார் சும்மா நிற்கும்போதே கம்பி முறுக்கிக்கொண்டிருக்கும். அண்ணன் படுத்துக்கொண்டு தள்ளினார். போல்ட் வழுக்கிக்கொண்டு போனது.

"அவ்ளோதான். கல்யாணப் பொண்ணு மாதிரி அடக்கமா திரும்பும் பாரு" என்றார் விருத்தகிரி.

"உங்க வூட்டுக் கல்யாணத்துல அப்பிடித்தான் திரும்புனாங்களா அண்ணே?" என்றார் அண்ணி.

திட்டக்குடி பக்கம் ஒரு காலி நிலத்தில் ஓட்டிப் பார்த்தோம். இடப்பக்கம் திரும்பும்போது கார் மந்தமாகத் திரும்பி வெளிப்பக்கம் விலகிப் போனது. வலப்பக்கம் திருப்பியதும் பின்பக்கம் வீசிக்கொண்டு சுற்றியே விட்டது. புழுதி அடங்கியதும் அண்ணி இறங்கி வந்தார்.

"வலது பக்கம் ஸ்டீரிங்க சட்டுனு ஒடிக்கிற, மதி" என்றார் அண்ணன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க ஒடிச்சேன்."

"கொளஞ்சியப்பரு கோயில்ல பிராது கட்டிடலாமா, காரு வலது பக்கம் திரும்புனா சுத்துதுன்னு?" என்றார் விருத்தகிரி. குறையைச் சீட்டில் எழுதி அந்தச் சாமியிடம் கட்டிவிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம்.

"கட்டுங்க. மாட்டுனது யாருன்னு அவரு மொதல்ல கேப்பாரு" என்றார் அண்ணி. ஆனால் அவர் முகம் சரியில்லை. அன்று இரவு, "என் கைதான் தப்பு போலருக்குது" என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் அண்ணியை அழைத்துவர நான் போயிருந்தேன். வேலை முடிந்து கொட்டகையைக் கழுவிவிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கழுவிய களிமண் தண்ணீர் எல்லாம் ஒரே மூலையில் இருக்கும் வடிகால் வாய்க்கு ஓடியது. காரின் பின் இடது சக்கரம் நின்றதும் அதே இடத்தில்தான். களிமண் கொட்டகைத் தரையைச் சாய்த்துத்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிவிடும். அச்சு வைக்கும் மேசைகளின் கால்களுக்கு அடியில் என்றைக்கோ ஓட்டுச் சில்லு வைத்து மட்டம் பார்த்துவிட்டார்கள். தினமும் மட்டமான மேசையைப் பார்த்துப் பார்த்து, தரையும் மட்டம்தான் என்று அண்ணி நினைத்துவிட்டார், நாங்களும் நம்பிவிட்டோம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இருந்தபோது போல்ட் சுலபமாகப் போயிருக்கிறது. சமதரைக்கு வந்ததும் கம்பி முறுக்கிக்கொண்டது.

அண்ணி அண்ணனுக்குப் போன் போட்டார். "ஏங்க, மேசைக்கு சில்லு வெச்சோம். காருக்கு வெச்சமா?"

எதிர்முனையில் அண்ணன் சிரிப்பது எனக்கே கேட்டது.

அன்று சாயங்காலமே காரை மறுபடியும் கொட்டகையில் ஏற்றினோம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை வைத்து, நான்கு சக்கரத்துக்கும் மட்டம் பார்த்தோம். பள்ளமான பக்கத்துக்குத் தரை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அண்ணி உள்ளே உட்கார்ந்தார். போல்ட்டைக் கழற்றி மறுபடி தள்ளியபோது, பழைய நீளத்தில் அது உள்ளே போகவே இல்லை. அதைப் பார்த்ததும் அண்ணி சீட்டிலிருந்தபடியே கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். அவர் கை தப்பில்லை. லிங்க் ராடைத் திருகி நீளத்தை மாற்றிய பிறகு, போல்ட் விரலுக்கே வழிவிட்டது.

கடைசி ரவுண்டு அன்று காலையில் தூறல் விழுந்து மைதானம் ஈரமாக இருந்தது. அதிகாரி காரின் ஒரு மூலையை அழுத்தி ஆட்டினார், குனிந்து கம்பியைப் பார்த்தார், சோதனைக்கு ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். அண்ணி உடனே ஓட்டவில்லை.

"ஈரத்துல விறைப்பு ஆவாது. கடைசி ஓட்டைக்கு மாத்துங்க."

"நடு ஓட்டையிலதானம்மா நேத்து நல்லா போச்சு?" என்றார் விருத்தகிரி.

"நேத்து காஞ்ச தரைண்ணே. ஈரத்துல கரும்பு லோடு ஓட்டுனவ சொல்றேன், மாத்துங்க."

இரண்டு பக்கமும் மாற்றி, போல்ட்டை மறுபடி விரலால் தள்ளிப் பார்த்த பிறகுதான் அண்ணி ஓட்டினார். வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் திரும்பியது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. நான் கூம்புகளைப் பார்க்கவில்லை, காரின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அளவாகச் சாய்ந்து அளவாக நிமிர்ந்தது.

"எந்த ஊரு ஒர்க்‌ஷாப்புல போட்டீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"விருத்தாசலத்துல, கப்பு செய்யிற கொட்டாயிலங்க" என்றார் அண்ணி.

அவர் சிரித்துக்கொண்டே முன் கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். அந்த டிக் இருந்தால்தான் ஓட விடுவார்கள்.

அன்று அண்ணி நான்காவதாக வந்தார். பரிசு மூன்று பேருக்குத்தான். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மறுநாள் காரைக் கழுவினார். கதவு, கூரை, சக்கரம், முன் கண்ணாடி எல்லாம் பளபளவென்று ஆனது. அந்த டிக்கை மட்டும் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.