கோழிக்கு வாங்கிய அரிசி

தொண்ணூறுகளில் நாங்கள் துடியலூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அந்தத் தெருக்களில் எத்தனை கோழிகள் இருக்கின்றன என்று யாராவது ரேஷன் கடை வரிசையில் நின்று கணக்கெடுத்திருந்தால், ஊர் மொத்தமும் கோழிப்பண்ணை என்றுதான் எழுதியிருப்பார்கள். வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியும் கோழிக்குத்தான் அரிசி வாங்குவாள். கொஞ்சம் வசதியானவள் மாட்டுக்கு என்பாள். இட்லிக்கு ஊறப்போட என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சோறாக்கித் தின்ன என்று சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் யாரும் கேட்பதில்லை. எனக்கு முன்னால் நிற்பவள் தானாகவே திரும்பி, "கோழிக்குங்க. குருணை விக்கற வெலைக்கு இதே தேவலைங்க" என்பாள். "எங்கூட்லயும் அதுக்குத்தானுங்க" என்று நானும் சொல்லிவைப்பேன். எங்கள் வீட்டில் அப்போது கோழியே கிடையாது.

நான் அப்படிச் சொல்லக் காரணம் என் வீட்டுக்காரர். பம்ப்செட்டுக்கு உருப்படி வார்க்கிற ஒரு பவுண்டரியில் அவர் மணலில் அச்சுப் பிடிக்கிற மோல்டர். நாளெல்லாம் மணலோடும் நெருப்போடும் நின்றுவிட்டு வருகிற மனுஷன். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதோடு முடிந்தது. கல்யாணமாகி, தனிக்குடித்தனம் வந்து, ரேஷன் கார்டு கைக்குக் கிடைத்த அன்றே சொல்லிவிட்டார்: "சக்கரை வாங்கு, சீமெண்ணெய் வாங்கு. அரிசி மட்டும் வேண்டாம் அம்மணி. அந்த அரிசி இந்த ஊட்ல வெந்துதுன்னா நான் சோத்துல கை வெக்க மாட்டேன்." வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற ஆளில்லை. என் அண்ணன் வீட்டு விருந்தில் யாரோ ஒரு சொல் கூடுதலாகச் சொன்னதற்கு, அதன் பிறகு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

வெறும் வீறாப்பு என்றும் தள்ள முடியாது. அவருடைய அப்பா தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலியாளாகப் பண்ணையத்துக்கு இருந்தவர். என் பிறந்த வீடும் அப்படித்தான்; எங்கள் சனம் அடுத்தவர் காட்டில் பாடுபட்டே வளர்ந்த சனம். பொழுது சாயும்போது தோட்டத்துக்காரரான பண்ணாடியின் வீட்டில், மாடு கட்டுகிற கட்டுத்தரை ஓரமாகப் போய் நிற்க வேண்டும். கூலிக்குத் தானியம் அளந்து போடுவார்கள். விற்க முடியாத பழைய அரிசி, வண்டு விழுந்த கம்பு, எது மிஞ்சியதோ அது. அப்பா வேட்டியை விரித்துப் பிடிக்க, இவர் பக்கத்தில் போசிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். "எங்கப்பன் கை நீட்டுனதோட போதும். எம்புள்ளைங்க திங்கற சோறு கடையில காசு குடுத்து வாங்குனதா இருக்கோணும்." ரேஷனிலும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று கேட்டேன். எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

அப்புறம் அந்த வருடங்கள் வந்தன. நாடு கதவைத் திறந்துவிட்டது, இனி எல்லாம் கிடைக்கும் என்று பேப்பரில் போட்டார்கள். பெட்டிக்கடைக்கு வெளிநாட்டுக் கலர் பாட்டில் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேபிள் ஒயர் வந்தது. பவுண்டரிக்கு மட்டும் ஆர்டர் வரவில்லை. ஆறு நாள் வேலை நான்கு நாளாக ஆனது. இவர் மீதி நாட்களில் டீக்கடையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்து எனக்கு உலக நடப்புச் சொல்வார். "வெலை ஏறுனா நல்லதுதான் அம்மணி. வெவசாயம் பண்றவனுக்கு நாலு காசு சேருமல்லோ." வெங்காய விலை ஏறி ஊரே அழுத வருடமும் இதையேதான் சொன்னார். குத்தகைக்கு வெங்காயம் போட்டிருந்த என் தம்பி, விலை ஏறுவதற்கு முன்பே வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவனைக் காட்டினாலும் இவர் மாறமாட்டார். ரேஷன் பாமாயில் மூட்டில் போய்த் தங்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அதையும் யாரும் அசைக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த பொருளாதாரம் ஒரு படி அரிசியில் எத்தனை தட்டுச் சோறு வரும் என்பதுதான். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நாள் சம்பளத்தில் வாங்குகிற கடை அரிசி இருபதாம் தேதியைத் தாண்டவில்லை. இரண்டு மாதம் நான் காப்பியைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது மாதம் கார்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டேன்.

வாங்குவது சுலபம், மறைப்பதுதான் வேலை. அந்த அரிசிக்குச் சாக்கு வாசம் ஒன்று உண்டு. இவர் வேலைக்குக் கிளம்பியதும் புடைத்து, கல் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, ஓட்டின் மேல் பழைய சேலையில் காயவைத்து, வருவதற்குள் எடுத்துக் கடை அரிசிப் பையில் கொட்டிவைப்பேன். உலை கொதிக்கும்போது ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிவேன். முதுகு விட்டுப்போகும். கொலை செய்தவன்கூட இவ்வளவு தடயம் அழித்திருக்கமாட்டான்.

முதல் நாள் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பங்கரை வாசலில் நின்றேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். சாப்பிடும் முன் அவர் கண்ணை மூடி, கிடைத்த ஆகாரத்துக்காக நன்றி சொல்வார். அன்றும் சொன்னார். கடவுளுக்கு முன்னாலேயே அவரை ஏமாற்றுகிறேனே என்று நினைத்துக்கொண்டேன். அவர் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை போடப் போனபோது தட்டின் மேல் கையை வைத்து மறைத்து, "போதும், வவுறு ஒரு மாதிரியா இருக்குது" என்றார். நெருப்பில் நிற்கிற வேலை, மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட ஆள். அதற்குப் பிறகு எப்போதுமே ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். கேட்டால் வயசாச்சு என்பார். நானும் நம்பினேன்.

இப்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கம்பஞ்சோற்றையும் ராகிக் களியையும் வைத்து, அந்தக் காலத்துச் சாப்பாடு மாதிரி வருமா என்று கண் கலங்குகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் களி தின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் அரிசிச் சோறு கிடைக்காதா என்று வருடம் முழுக்க ஏங்கிய வாய் என்னுடையது. இன்றைக்குப் பெரிய கடையில் கம்பு, அரிசியைவிட விலை கூடுதலாக, கண்ணாடிப் பையில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்து நான் சிரிப்பதா அழுவதா? சரி, அதை விடுங்கள்.

ஒருநாள் மின்சாரம் இல்லையென்று பவுண்டரியில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் ரேஷன் பையோடு வாசலில் நிற்கிறேன், அவர் சைக்கிளை நிறுத்துகிறார். "இதென்ன?" என்றார். வரிசையில் சொல்லிப் பழகிய வாய், தானாகவே "கோழிக்குங்க" என்றது.

"எந்தக் கோழி?"

"வாங்கலாம்னு இருக்கறேனுங்க. முட்டைக்கு ஆகும்."

வேறு வழியில்லை. அந்த வாரமே சந்தைக்குப் போய் இரண்டு கோழி வாங்கிவந்தேன். ஒரு பொய்க்குத் தீனி போட இரண்டு உயிரை வளர்த்த கதை எங்கள் வீட்டுக் கதைதான். ஆனால் ஒன்று, அதன் பிறகு பையை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அடுப்பங்கரை மூலையில் தைரியமாக உட்கார்ந்திருந்தது. இவரே காலையில் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப்போய் வாசலில் தூவுவார். கோழிகள் அவர் காலைச் சுற்றிக்கொண்டே திரியும். மாதக் கடைசியில் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மணி, ரெண்டு கோழி இத்தனையுமா திங்குது? எங்கூர்ல தோட்டத்துக்குள்ள எறங்கற யானைகூட இப்படித் திங்காதே" என்பார். "கீழ எறைச்சுப் போடுதுங்க" என்று சமாளிப்பேன்.

இப்படி நான்கு வருடம். தினமும் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார், தினமும் நான் பயந்தேன். என்றாவது தெரிந்தால் என் கையால் போட்ட சோற்றை மறுபடி தொடமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வருடம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்ந்ததைக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். தேங்காய், பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் வரும். நாங்கள் எப்போதும் ஒரு டஜன் முட்டையோடு நிறுத்திக்கொள்வோம். அந்த வருடம் இவர் காலையிலேயே இரண்டு கோழிகளையும் காலைக் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டார். எனக்குப் பகீரென்றது.

"ஒண்ணு போதாதுங்களா?"

"குடுக்கறதுன்னு ஆச்சு, அதென்ன ஒண்ணு?"

ஏலத்தில் ஒரு பெரியவர் கோழியைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமுங்க. என்னங்க தீனி?" என்று கேட்டார். "ரேசன் அரிசிங்க" என்று இவர் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். நான் பெண்கள் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழிகள் போனதைவிட, அடுத்த மாதம் எந்த வாயோடு பையைத் தூக்கிக்கொண்டு வருவது என்பதுதான் என் கவலை.

மாதம் பிறந்தது. நான் ரேஷன் கடைப் பக்கமே போகவில்லை. மளிகைக் கடையில் ஐந்து கிலோ வாங்கினேன், பத்து நாளில் சட்டியைத் துடைத்தாயிற்று. அன்று சனிக்கிழமை, பவுண்டரி இல்லை. காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த கார்டைக் காணவில்லை. அவரையும் காணவில்லை. டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ரேஷன் பை. பொதுக் குழாயடியில் நின்றிருந்த எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்கண்ணா, கோழியத்தான் சர்ச்சுக்குக் குடுத்துப்போட்டீங்களே, அப்பறம் ஆருக்குங்க அரிசி?"

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "எங்களுக்குத்தானுங்க. சோறாக்கித் திங்க" என்றார்.

எதிர்வீட்டு அக்காவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் ஈரக்கையோடு அவர் பின்னாலேயே உள்ளே போனேன்.

"எப்ப இருந்துங்க தெரியும்?"

"மொத நாளே தெரியும். அந்த வாசத்துலயே வளந்தவன் நான். நீ என்னத்தப் போட்டு அலசுனாலும் தெரியாமப் போகுமா?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான்கு வருடம் திருடி மாதிரி வாழ்ந்திருக்கிறேன். எத்தனை எலுமிச்சை மூடி, எத்தனை நாள் ஓட்டின் மேல் காவல்! "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"தெரியும்னு சொல்லிப்போட்டா நான் சாப்படக் கூடாதல்லோ. நாந்தான அப்படிச் சொன்னவன். நான் சாப்படலீன்னா நீயும் புள்ளைங்களும் சாப்புடுவீங்களா?" பையை அடுப்போரம் சாய்த்துவைத்தார். "அன்னிக்கு ஏலத்துல கோழி ரேசன் அரிசி திங்குதுன்னு சொன்னேன், நாக்குக் கூசல. அப்பறம் நான் திங்கறேன்னு சொல்றதுக்கு மட்டும் என்ன?"

பையைப் பிரித்து அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டே, "வரிசையில நெறைய பேருங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி பதினாலு பேரு. கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டே நின்னேன். ஆருமே ஒண்ணும் கேக்கல அம்மணி."

பதினான்கு பேர் என்று எண்ணியிருக்கிறார். உண்மை வெளியே வந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. எந்த மனுஷன் எதற்குமே கை நீட்டக்கூடாது என்று இருந்தாரோ, அவரைக் கார்டும் பையுமாக அந்த வெயிலில் நிற்க வைத்தவள் நான்தான் என்று தோன்றியது. அந்தச் சங்கடம் இன்றுவரைக்கும் போகவில்லை.

அன்று உப்புப் போட்டு அலசவில்லை, எலுமிச்சை பிழியவில்லை. களைந்தேன், உலையில் போட்டேன், அவ்வளவுதான். வீடு முழுக்கச் சாக்கு வாசம் எழுந்தது. ஜன்னலைக்கூட நான் சாத்தவில்லை. அவர் உட்கார்ந்து, வழக்கம் போலக் கண்ணை மூடி நன்றி சொன்னார். பிசைந்து சாப்பிட்டு முடித்தார். நான் தட்டை எடுக்கக் குனிந்தேன். அவர் தட்டை விடாமல் என் பக்கமாக நீட்டி, "இன்னுங் கொஞ்சம் போடு" என்றார்.