வலது பக்கத்து விசில்

மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்றும் கேட்காது. வெளியே விடும்போதுதான் வலது மார்புக்குள்ளிருந்து, இட்லிச் சட்டியின் மூடி சரியாகப் பொருந்தாதபோது ஆவி கசிவதைப் போல, மெல்லிய ‘கீ’ சத்தம் ஒன்று வரும். எனக்கு அப்போது பத்து வயது. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ‘இளைப்பு’ என்று பெயர் வைத்து, ஒரே வாரத்தில் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் என் அத்தா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தா தோல் பதனிடும் ‘ஷாப்பு’ ஒன்றில் வேலை பார்த்தார். சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை அவருக்கு முன்பே தெருவுக்குள் வந்துவிடும். எனக்கு அது வாடையாகவே தெரிந்ததில்லை, அத்தா என்றால் அப்படித்தான் மணப்பார் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்ததும் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டு நாத்தத்தையும் சட்டையில சுமந்துக்கிட்டு வந்தா புள்ளைக்கு மூச்சு முட்டாம என்ன செய்யும்? குளிச்சிட்டு உள்ள வாங்க” என்பார். அத்தா மறுபேச்சுப் பேசாமல் கொல்லை வாசல் வழியாக வந்து, நாலு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வேறு கைலி கட்டிய பிறகே கூடத்துக்கு வருவார். வந்த பிறகும் என் பக்கத்தில் உட்காரமாட்டார். எதிர்ச் சுவரோரம் இருந்தே, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்பார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பு, ரமலானில், நான் என் முதல் நோன்பைப் பிடித்திருந்தேன். எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் முதல் நோன்பு கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். புதுக் கவுன், தலை கொள்ளாத மல்லிகைப்பூ, மாலையில் நோன்பு திறக்க வீடு நிறையச் சொந்தம். அகரத்திலிருந்து மாமி மதியமே வந்து, “எம் மருமக எம்புட்டுத் தெம்பா இருக்கா பாரு” என்று கன்னத்தைக் கிள்ளினார். நான் தெம்பாக இல்லை. நாலு மணிக்குக் கண் இருட்டியது. சாமான் அறையில் ஒரு டின்னில் வறுத்த நிலக்கடலை இருந்தது. ஒரு கை அள்ளிக் கவுன் பையில் போட்டுக்கொண்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்தி, தோலைப் பைக்குள்ளேயே தேய்த்து உதிர்த்துவிட்டு, வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். அந்நேரம் பார்த்து வெளியிலிருந்து அம்மா, “உள்ள என்ன பண்ற?” என்று குரல் கொடுத்தார். “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்வதற்காக மூச்சை இழுத்தேன்.

தொண்டையில் இரண்டு பாதை. பின்னால் இருப்பது சோற்றுக்கு, முன்னால் இருப்பது காற்றுக்கு. விழுங்கும்போது குரல்வளைக்கு மேலிருக்கும் சின்ன மூடி சாய்ந்து காற்றுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. பேசவும் சிரிக்கவும் மூச்சிழுக்கவும் அது திறந்தாக வேண்டும். ஒரே நேரத்தில் தின்னவும் பொய் சொல்லவும் அதில் வசதி கிடையாது. இழுத்த காற்றோடு பாதிக் கடலை ஒன்றும் உள்ளே போனது. கண்ணில் நீர் கொட்ட இருமினேன். அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வெளியே தெறித்தது. இருமிக்கொண்டே கூடத்துக்கு வந்தபோது மாமி உச்சந்தலையில் தட்டி, “புரையேறுது, யாரோ நெனைக்கிறாக” என்றார். “பச்சப் புள்ளைக்குத் தொண்ட காஞ்சு போச்சு” என்று இன்னொருவர் உருகினார்.

செத்த நேரத்தில் இருமல் அடங்கிவிட்டது. ஆளை ஏமாற்றுவதே அந்த அடக்கம்தான். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை இடதைவிட அகலமானது, நேராகவும் இறங்குவது, அதனால் வழிதவறி விழுவது பெரும்பாலும் வலது பக்கம்தான் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் இருமலும் சலித்துப்போகும். ஆனால் மூச்சை இழுக்கும்போது சற்றே விரிகிற குழாய், விடும்போது சுருங்குகிறது. அப்போது கடலையைச் சுற்றிக் காற்று பிதுங்கிக்கொண்டு வரும். என் விசில் அதுதான். அடைப்புக்கு அப்பால் சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி பெருகும், காய்ச்சல் வரும். இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான்.

பக்கத்துத் தெரு டாக்டர் ஆவி மெஷின் வைத்தார், சிரப் கொடுத்தார். அம்மா தூதுவளை ரசம் வைத்தார். இரண்டாம் முறை காய்ச்சலோடு போனபோது டாக்டர் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, “இளைப்புன்னா ரெண்டு பக்கமும் கேக்கணுமே. பாப்பா, கடலை, புளியங்கொட்டை ஏதாச்சும் புரையேறுச்சா?” என்றார். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமி. இல்லை என்று தலையாட்டினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. ஆக, படமும் என் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது.

மூன்றாவது காய்ச்சலில் அத்தா வேலையை விடுவதென்று முடிவு செய்தார். பதினைந்து வயதிலிருந்து பார்த்த வேலை, வேறொன்றும் தெரியாது. எரியோட்டில் மச்சான் ஒருவர் கடையில் மூட்டை தூக்கப் போவதாகவும், மறுநாள் மேஸ்திரியிடம் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். அன்று சாயங்காலம் நான் கொல்லைக்குப் போனபோது, குளித்து முடித்துவிட்டு, துவைத்து உலர்ந்த கைலியை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அத்தா, நோன்பு அன்னைக்கு நான் கடலை தின்னேன். புரையேறிருச்சு.”

“எப்ப? நோன்பு தெறந்த பெறகா?”

“அதுக்கு முன்னாடி.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “பத்து வயசுல நோன்பு கடமையே இல்லம்மா” என்றது அவர் குரல். “இதுக்கா இம்புட்டு நாளா மூச்ச இழுத்துக்கிட்டுக் கெடந்த?” அவசரத்தில், கழற்றிப் போட்டிருந்த ஷாப்பு சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றினார். டாக்டர் வீடு வரைக்கும் அந்த முதுகில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, என் நெஞ்சு கொண்டமட்டும் மூச்சை இழுத்தேன்.

மதுரையில் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழல் விட்டு எடுத்தார்கள். ஊறிப் பழுத்த பாதிக் கடலையைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். “இம்புட்டுதானா!” என்றார் அத்தா. வீட்டில் எல்லோரிடமும், “நோன்பு தெறக்கும்போது அவசரத்துல தின்னிருக்கா” என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விடவில்லை.

அந்த ஷாப்பு இருந்த இடத்தில் இன்று ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. தெருவில் இப்போது பிரியாணி மணமும் பெட்ரோல் புகையும்தான். அத்தா போன வருடம் மௌத்தாகிவிட்டார். இனி அவருடைய பொய்யைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று நினைத்து, சென்ற மாதம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“தெரியுமே. கவுன தொவைக்கையில பை நெறையக் கடலத் தோலு. பசிச்சிருக்கும், நாலு பேரு முன்னால புள்ள தலகுனிய வேணாம்னு கொட்டிட்டேன். டாக்டரு கேட்டப்ப நீ இல்லன்னு தலையாட்டுனதும் நானும் நம்பிட்டேன். அது போயி நெஞ்சுல உக்காரும்னு எனக்கென்ன தெரியும்?”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கத்தி நின்றது.

“ஒண்ணுமே செய்யாத மனுசனத்தான் குளிச்சிட்டு வாங்க, குளிச்சிட்டு வாங்கன்னு வெரட்டியிருக்கேன். ஷாப்ப மூடி வீட்டுல உக்காந்த பெறகும் அவுக கொல்ல வாசல் வழியாத்தானே உள்ள வந்தாக.”